வகுப்புச் சந்தை தொடங்கும் மகளுக்கு

மகளே,

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பழக்கிக் கொடுக்க, வகுப்பறைக்குள்ளேயே சம்பளம், சந்தை, வங்கி, வரி எல்லாம் உள்ள ஒரு சின்ன ஊரை நடத்தப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. பாடப்புத்தகம் ஏழாம் வகுப்பில் வரியைப் பற்றியும், எட்டாம் வகுப்பில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றியும் பேசுகிறது. தேர்வுக்கு அது போதும். கையில் காசு இருக்கும்போது ஒரு பிள்ளை எப்படி நடந்துகொள்ளும், இல்லாதபோது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீ நடத்தப்போகும் சந்தைதான் உனக்குக் காட்டும்.

இந்த முறைக்கு வயது உண்டு. 1967இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜார்ஜ் ரிச்மண்ட் என்ற இளம் ஆசிரியர், பாடத்தில் மனம் ஒட்டாத பிள்ளைகளை வைத்து வகுப்புக்குள் காசு புழங்க விட்டார். 1981இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் ஒரு பள்ளியே அந்த முறையில் தொடங்கியது. நம் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையைப் பிள்ளைகளே ஏட்டில் பதிந்து, ஆசிரியர் துணையோடு சேமிப்பில் கட்டுவார்கள். நான் கீரமங்கலம் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள். அங்கே பிள்ளைகளிடம் கற்றதில் உனக்கு உதவும் என்று தோன்றுவதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. காசு எதையெல்லாம் வாங்க முடியாது என்பதை முதலில் எழுதிச் சுவரில் ஒட்டு. சந்தையில் என்ன விற்கலாம் என்ற பட்டியலைப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் தயாரித்துவிடுவார்கள். விற்கக்கூடாதவற்றின் பட்டியல் உன் பொறுப்பு. மதிப்பெண், சத்துணவு, குடிநீர், விளையாட்டு நேரம், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது, இவை எதற்கும் விலை கிடையாது. முக்கியமாகக் கழிப்பறைக்குப் போவதற்கு. வெளிநாட்டு வகுப்பறைகள் சிலவற்றில் கழிப்பறைக்குப் போக வகுப்புக் காசு வாங்குவார்கள். அதைப் பார்த்து இங்கே யாராவது உனக்கு யோசனை சொன்னால் கேட்காதே. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள்தான் நம் பெண் பிள்ளைகள் பலர் வயதுக்கு வருகிறார்கள். கையில் காசில்லை என்று ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த வகுப்பில் நீ சொல்லிக்கொடுத்த சேமிப்பும் வட்டியும் யாருக்கு? அந்தப் பட்டியலை ஒட்டிய பிறகு பிள்ளைகளே அதில் சேர்ப்பார்கள். என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "பக்கத்துல உட்கார்றதுக்குக் காசு கேக்கக் கூடாது டீச்சர்" என்றான். ஏன் சொன்னான் என்று அவனிடம் கேட்கவில்லை. அதை அப்படியே பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

2. காசுக்குப் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். எங்கள் பக்கம் பூ விவசாயம். பிள்ளைகள் கூடிப் பேசி 'மல்லி' என்று வைத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரித்து, கெட்டியான அட்டையைச் சிறு சீட்டுகளாக வெட்டி, பின்பக்கம் பள்ளி முத்திரை குத்தி எண் போட்டோம். ஒரு மல்லி, ஐந்து மல்லி, பத்து மல்லி. ரூபாய் நோட்டை நகலெடுத்து ஓரம் வெட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றும். உண்மை நோட்டைப் போலத் தோன்றும் தாளை உண்டாக்குவது சட்டப்படி குற்றம். இதையும் பிள்ளைகளிடம் சொல். ஒரு தாளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

3. வேலை பிரிக்கும்போது நடுவராக இரு. வருகைப் பதிவுக்கு ஒருவர், நூலக அலமாரிக்கு ஒருவர், மின்விசிறி நிறுத்த ஒருவர், செடிக்குத் தண்ணீர் ஊற்ற இருவர், வங்கிக்கு மூவர் என்று வேலைகளைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். கூட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் அந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. நம் ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. சம்பளம் கொடுத்துவிட்டால் அந்த வரலாறு அழியாது. வகுப்பைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், நீயும் அவர்களோடு நின்று செய். மற்ற வேலைகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுழற்று. விண்ணப்பம் எழுதச் சொல்வது நல்ல பழக்கம். ஆனால் அழகாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கே நல்ல வேலை என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்.

எல்லா வேலைக்கும் ஒரே சம்பளமா என்ற கேள்வி கட்டாயம் வரும். விடையை நீ சொல்லாதே. வங்கிக் கணக்கு எழுதுபவருக்குக் கூடுதலாக வேண்டும் என்று ஒரு பிள்ளை வாதிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் விடுமுறை நாளிலும் வருகிறாரே என்று இன்னொன்று கேட்கும். பெரியவர்கள் முடிக்காமல் வைத்திருக்கும் விவாதம் அது. பிள்ளைகள் அதை நேர்மையாக நடத்துவார்கள், கேட்டுக்கொண்டிரு.

4. தவறுக்கு அபராதம் போடாதே. தாமதமாக வந்தால் ஐந்து மல்லி, பேசினால் இரண்டு மல்லி என்று வசூலிப்பது சுலபமாக இருக்கும். நானும் முதலில் போட்டவள்தான். வசதியாகச் சம்பாதித்திருந்த ஒரு பெண் தாமதமாக வந்து, ஐந்து மல்லியை மேசையில் வைத்துவிட்டு, எந்தச் சங்கடமும் இல்லாமல் போய் உட்கார்ந்தாள். அவள் திமிர் பிடித்தவள் இல்லை. கணக்கைத் தீர்த்துவிட்டோம் என்று உண்மையாகவே நினைத்தாள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் கட்டுரையாக எழுதினார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆயாவை நினைத்து ஓடிவந்தவர்கள், இப்போது காத்திருப்புக்குக் காசு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கூச்சமும் அக்கறையும் ஒருமுறை விலையாக மாறினால் திரும்ப வாங்குவது கடினம். தாமதமாக வரும் பிள்ளையைத் தனியாக அழைத்து ஏன் என்று கேள். காலையில் பூப் பறித்துவிட்டு வரும் பிள்ளையாக இருக்கலாம்.

5. அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுத் தொடங்கு. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். ஒருவருக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படும்போது ஊர் கூடி மொய் செய்யும். அவர் அதைப் பின்னால் ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பிச் செய்ய வேண்டும். வங்கிக்குக் கணக்கர் வேண்டும் என்று நான் கேட்டபோது, கணக்குப் பாடத்தில் எப்போதும் பின்தங்கும் ஒரு பையன் முன்வந்தான். மொய் மேசையில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன். நோட்டை விரித்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, பெயர், பழையது, புதியது, மீதம் என்று நாலு கோடு கிழித்தான். ஒவ்வொரு வரி எழுதியதும் தொகையை வாய்விட்டுச் சொல்லி, எதிரில் நிற்பவர் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குப் போனான். அந்த வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை எந்தப் பயிற்சி ஏட்டிலும் நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டு முழுக்க எங்கள் வங்கியில் ஒரு சண்டைகூட வரவில்லை. விகிதக் கணக்கில் திணறியவன், மாசிக்குள் வட்டிக் கணக்கை மனதிலேயே போட்டான்.

6. உட்காரும் இடத்தை விற்காதே, வாடகைக்கும் விடாதே. அமெரிக்க வகுப்பறைகளில் மேசைக்கு மாத வாடகை வாங்குவதும், சேமித்த பிள்ளை தன் மேசையையும் பிறர் மேசையையும் விலைக்கு வாங்குவதும் உண்டு. அங்கே அது பாடமாக இருக்கலாம். யார் முன்னால் உட்கார்வது, யார் ஓரத்தில் உட்கார்வது என்பதில் நம் ஊர் பட்ட காயம் வேறு. வீட்டு வாடகையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அலமாரித் தட்டுக்கு வாடகை வாங்கு.

7. எத்தனை சீட்டு வெளியே இருக்கிறது என்பதைக் கவனி. இது நுட்பம்தான், ஆனாலும் பொறுப்பும்கூட. 28 பிள்ளைகளுக்கு வாரம் 20 மல்லி என்றால் வாரம் 560 மல்லி வகுப்புக்குள் வருகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் 300 மல்லிக்குத்தான் பொருள் இருக்கிறது என்றால், நாலு வாரத்தில் 1,040 மல்லி பொருளில்லாமல் கையில் நிற்கும். எங்கள் வகுப்பில் தொடக்கத்தில் 15 மல்லிக்குப் போன நீல மை பேனா, அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஏலத்தில் 90க்குப் போனது. பேனா அதே பேனா. நல்ல வேலையில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் சம்பளம் விட்ட பிள்ளையால் எதையும் தொட முடியவில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். "பூ குறைவு, கேக்குற ஆள் அதிகம்." பூ வரத்து மாறாமல் இருந்து, எல்லார் பையிலும் காசு மட்டும் இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று கேள். விலைவாசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்தக் கேள்வி போதும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் இளம் தம்பதிகள் சிலர், ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளச் சங்கம் அமைத்து, நேரத்துக்கு ஈடாகச் சீட்டு வைத்துக்கொண்டார்கள். அதில் உறுப்பினராக இருந்த ஸ்வீனி தம்பதியர் 1977இல் அந்தக் கதையை எழுதினார்கள். புழக்கத்தில் சீட்டு குறைந்தது. எல்லாரும் அவசரத்துக்கு வேண்டுமே என்று சீட்டைப் பதுக்கினார்கள். யாரும் வெளியே போகவில்லை, அதனால் யாருக்கும் பிள்ளை பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. ஒருவர் செலவு இன்னொருவர் வரவு என்பது அங்கே அப்படியே தெரிந்தது. கூடுதல் சீட்டுகளைக் கொடுத்ததும் சங்கம் உயிர்பெற்றது. உன் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை யாருமே எதையும் வாங்காமல் நின்றால், பிள்ளைகளைக் குறை சொல்லாதே. எத்தனை சீட்டு யார் பையில் உறங்குகிறது என்று வங்கி ஏட்டைப் பார்.

8. வட்டியைப் பெரிதாக்கிக் காட்டாதே. ஓராண்டுக்குள் பலன் தெரிய வேண்டும் என்று வகுப்பு வங்கியில் வாரத்துக்குப் பத்து விழுக்காடு கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால் அந்த விகிதம் மனதில் தங்கிவிடும். பிறகு ஒருநாள் யாரோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாதம் பத்து விழுக்காடு தருகிறோம் என்று சொல்லும்போது அது அந்நியமாகத் தோன்றாது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு இழந்தவர்களில் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே வகுப்பில் ஒரு வாரத்தை ஓராண்டாக வைத்துக்கொள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 விழுக்காட்டையே கொடு. 100 மல்லி இருமடங்காகப் பதினெட்டு வாரம் ஆகும். காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்புதான் பாடம்.

பிறகு இன்னொரு கணக்கையும் பலகையில் போடச் சொல். 1,000 ரூபாய்க்கு மாதம் பத்து விழுக்காடு கூட்டு வட்டி என்றால் ஓராண்டில் 3,138 ரூபாய். "எந்தக் கடை, எந்தத் தோட்டம் ஒரு வருஷத்துல போட்ட காசை மூணு மடங்காக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில். கடனுக்கும் இதே கணக்கு. எங்கள் பக்கம் தண்டலில் 10,000 என்று எழுதி 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாளில் வசூலிப்பார்கள். அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். ஒரு பிள்ளை இதைப் போட்டுப் பார்க்கும்போது முகம் மாறுவதை நீ காண்பாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் அப்போது சொல். ஆனால் வாங்கியவர்களைப் பழித்து ஒரு சொல் சொல்லாதே. அந்த வகுப்பிலேயே அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

9. சீட்டு நடத்திப் பார்க்க விடு, நம்பிக்கை உடையும்போது பக்கத்தில் இரு. பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு வாரம் ஐந்து மல்லி, பத்து வாரம். ஒவ்வொரு வாரமும் குலுக்கி ஒருவருக்கு ஐம்பது மல்லி. எங்கள் வகுப்பில் முதல் சீட்டு விழுந்த பையன் அன்றே சந்தையில் எல்லாவற்றையும் செலவழித்தான். மூன்றாம் வாரம் கட்ட முடியவில்லை. நாலாம் வாரம் சந்தைக்கே வராமல் மரத்தடியில் நின்றான். பிள்ளைகள் கொதித்தார்கள். அவன் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்றது ஒரு பிள்ளை. அவன் பையைப் பிடுங்கி வைக்கலாம் என்றது இன்னொன்று. இரண்டும் கடன் வசூலில் கேட்ட பேச்சு என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பெயரை எழுத மாட்டோம், பையைத் தொட மாட்டோம், வேறு வழி சொல்லுங்கள் என்று உட்கார்ந்தேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பெண், அவன் நூலக வேலையைக் கூடுதலாகச் செய்து வாரம் ஏழு மல்லியாகக் கட்டட்டும், அதுவரை இரண்டு பேர் ஜாமீன் நிற்கட்டும் என்றாள். யார் நிற்பது? பையைப் பிடுங்கச் சொன்னவனே கை தூக்கினான். கட்டி முடிக்கும்வரை அவன் முகத்தில் ஒரு இறுக்கம் இருந்தது. முடித்த அன்று ஏட்டில் தன் வரிக்கு நேரே அவனே கோடு போட்டான். அதன் பிறகுதான் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பதிவு செய்த சீட்டில் ஏன் ஜாமீன் கேட்கிறார்கள், பதிவு ஏன் வேண்டும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

10. வீட்டுக் கணக்கைக் கேட்காதே. அப்பா சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதி வரச் சொல்வது பிள்ளையை வகுப்பின் நடுவில் நிறுத்தித் துருவுவதுதான். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடு. நாலு பேர், மாதம் 15,000 வருமானம், செலவுத் திட்டம் போடுங்கள் என்று சொல். உண்மை தானாக உள்ளே வரும். ஒரு பெண் அரிசிக்கும் பாலுக்கும் மேலே, முதல் வரியாக 'குழு லோன்' என்று எழுதியிருந்தாள். வாரத் தவணை கட்டும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்று அந்த வரியே சொன்னது. நான் அதை வகுப்பில் படிக்கவில்லை. கடன் தவணையை முதலில் எடுத்து வைப்பது சரியான பழக்கம் என்று மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

11. எதிர்பாராத செலவைக் கற்றுக்கொடுக்கும்போது இரக்கத்தோடு கற்றுக்கொடு. பெட்டியிலிருந்து சீட்டெடுத்து, 'சைக்கிள் பஞ்சர், ஐந்து மல்லி', 'கண்ணாடி உடைந்தது, பத்து மல்லி' என்று செலவு விழச் செய்யும் விளையாட்டு நன்றாகவே நடக்கும். 'புயல்' என்று எழுதி வைக்காதே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பகுதி வழியாகப் போனது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் சேமிப்பு என்பது வங்கியில் இல்லை, தென்னையில் இருந்தது. காலையில் பார்த்தால் தோப்பு முழுக்கத் தரையில் கிடந்தது. புதிதாக நட்டால் காய்க்கப் பல ஆண்டு ஆகும். கல்யாணத்துக்கு, கல்லூரிக்கு என்று ஒதுக்கியிருந்த மரங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்ற அறிவுரையை அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறு விவசாயிக்கு வேறு இடம் ஏது?

அடுத்த ஆண்டு அந்தப் பெட்டியை வைத்தபோது, யாருக்குச் செலவு விழுந்தாலும் எடுத்துக் கொடுக்க எல்லாரும் வாரம் ஒரு மல்லி போட்டு வைப்போம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அதற்குக் காப்பீடு என்று பெயர் என்பதை அவர்கள் செய்த பிறகுதான் சொன்னேன். ஊர் கூடிச் சமைத்து, ஊர் கூடிச் சாப்பிட்ட நாட்களைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

12. கண்ணுக்குத் தெரியாத பணத்தையும் பழக்கு. ஆண்டின் பிற்பாதியில் சீட்டுகளை நிறுத்திவிட்டு ஏட்டுக் கணக்கு மட்டும் வைத்துப் பார். எண்ணிக் கொடுக்கும்போது யோசித்த பிள்ளைகள், "கழிச்சுக்கோ" என்று சொல்லும்போது யோசிப்பதில்லை. மாத முடிவில் இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. கூகுள் பேயிலும் போன் பேயிலும் வீட்டில் நடப்பது அதுதான். ரகசிய எண்ணையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லக்கூடாது, பணம் வருவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை, ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். இந்த மூன்றையும் பிள்ளைகள் வீட்டில் போய் அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

13. நிறையச் சேர்த்த பிள்ளையை மேடையேற்றாதே. ஆண்டு முடிவில் பெரும் பணக்காரருக்குப் பரிசு என்று ஒருபோதும் வைக்காதே. ஒரு பெண் சம்பளத்தில் பாதியை ஒவ்வொரு வாரமும் காணாமல் ஆக்கிக்கொண்டிருந்தாள். வங்கியில் இல்லை, சந்தையிலும் செலவில்லை. விசாரித்தால், பள்ளிக்கு ஒழுங்காக வர முடியாத தோழியின் கணக்கில் கட்டி வந்திருக்கிறாள். கையிருப்புப் பட்டியலில் அவள் கடைசி. சேமிக்கவே தெரியாதவள் என்று எழுதி வைக்க இருந்த பக்கத்தை அப்படியே மூடினேன். இன்னொரு பக்கம், ஒரு மல்லிகூடச் செலவழிக்காமல் பதற்றத்தோடு சேர்த்துக்கொண்டே இருந்த பையனும் உண்டு. அவனுக்குத் தேவைப்பட்டது சேமிப்புப் பாடமே இல்லை. பிடித்த ஒரு கதைப் புத்தகத்தைப் பயமில்லாமல் வாங்கலாம் என்று யாராவது சொல்வதுதான். அவனோடு சந்தைக்குப் போய், அவன் புரட்டிப் பார்த்து முடிக்கும்வரை நின்றேன். எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்லாதே மகளே. பணத்தின் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகத்தான் நிற்கும்.

பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குச் சம்பளம் கொடுக்கும் முன்பும் யோசி. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 1973இல் வெளிவந்த ஒரு ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட மழலைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையச் சொன்னார்கள். பின்னால் பரிசில்லாமல் விட்டபோது அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். கோலம் போடுவதும் பாடுவதும் தோழிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் மல்லிக்கு வெளியே இருக்கட்டும்.

14. வரி வசூலித்தால் கணக்குக் காட்டு. இந்தச் சின்ன ஊரில் அரசு நீ, வங்கியின் மேலாளர் நீ, நீதிபதியும் நீ. வேறு எங்கும் ஒரே ஆளிடம் இத்தனை அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது என்று நாமே குடிமையியலில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே உன் ஏடு எப்போதும் திறந்திருக்கட்டும். பத்தில் ஒரு பங்கு வரி வாங்கினால், அதை எதற்குச் செலவிடுவது என்று பிள்ளைகள் வாக்களிக்கட்டும். எங்கள் வகுப்பில் ஒரு முறை பந்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போட்டி. பந்து வென்றது. கடிகாரம் கேட்டவர்கள் அடுத்த பருவம்வரை ஒவ்வொருவரிடமும் பேசி ஆதரவு திரட்டினார்கள். விதியை நடுவில் மாற்றாதே. மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு வாரம் முன்னால் அறிவி. ஒரு பிள்ளை அழுகிறது என்பதற்காக ரகசியமாக ஐந்து மல்லி கொடுத்துவிடாதே. உதவ வேண்டுமென்றால் எல்லாருக்கும் தெரிந்த உதவித் திட்டம் ஒன்றை வகுத்து, அந்தப் பிள்ளை தலைகுனியாமல் அதைப் பெறும்படி செய்.

15. ஆண்டு முடிவில் விளையாட்டை ஒழுங்காக மூடி, உண்மைக் கணக்கைத் திற. கடைசிச் சந்தையை மார்ச்சுக்குள் வை. மீதச் சீட்டுகளை எண்ணி, ஏட்டோடு ஒத்துப் பார்த்து, பிள்ளைகள் கையெழுத்திடட்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்கு அனுப்பாதே, தேடச் சொல். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி 2014இலேயே வழி செய்திருக்கிறது. அஞ்சலகத்திலும் அந்த வசதி உண்டு. உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்குப் புத்தகம் பல வீடுகளில் பீரோவில் மடித்தபடி கிடக்கும். பெற்றோர் சம்மதத்தோடு அதைக் கொண்டுவரச் சொல். தொகையை மற்றவர் பார்க்காதபடி, தனித்தனியாக, வரவு எது, எடுத்தது எது, வட்டி எந்தத் தேதியில் ஏறியது என்று விரல் வைத்துப் படிக்கப் பழக்கு. பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்கு. எந்த விதி நியாயமில்லாமல் இருந்தது? யார் கஷ்டப்பட்டது உனக்குத் தெரிந்தது? நீ நடத்தினால் எதை மாற்றுவாய்? பெயர் போடத் தேவையில்லை என்று சொல். கோடை விடுமுறையில் அந்தத் தாள்களை நிதானமாகப் படித்து, ஜூனில் பள்ளி திறக்கும்முன் உன் விதிகளைத் திருத்தி எழுதிக்கொள்.